நாலு சில்லும் ஒரு விலாசமும்

எங்கள் அப்பாட்மென்றின் கார் தரிப்பிடத்தில் குளிர்காலக் காலைகளில் ஒரு காட்சி உண்டு. ஒரு கார் எஞ்சின் ஓடியபடி நிற்கும். விளக்குகள் எரியும், பின்னால் வெள்ளையாகப் புகை வரும், உள்ளே ஈ காக்கை இருக்காது. சொந்தக்காரர் எட்டாம் மாடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருப்பார். கையிலுள்ள பொத்தானை அமத்தி, தான் இறங்கி வருவதற்குள் காரைச் சூடாக்கி வைக்கிறாராம். இதை முதன்முதலாகக் கண்ட அன்று நான் குப்பைப் பையையும் போட்டுவிட்டுத் திரும்பிக் கட்டடத்துக்குள் ஓடினேன். யுத்த காலத்தில் கொழும்பில் ஆளில்லாமல் நிற்கும் வாகனத்தைக் கண்டால், உள்ளே குண்டிருக்கும் என்று வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விடுவோம். அதன் எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தால் வேறு வீதிக்கே போய்விடுவோம். இங்கே அதன் பக்கத்தில் நின்று பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து பல வருடங்களாகிவிட்டன, இப்போது நான் ஓடுவதில்லை. ஆனாலும் அப்படியொரு காரைத் தாண்டும்போது என் நடை சற்று வேகப்படத்தான் செய்கிறது.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகக்காரி. பால் வாங்கினால் முதலில் திகதியைப் பார்ப்பேன், பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பேன். இலவசம் என்று எழுதியிருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன். எங்கள் கட்டட வாசலில் அழைப்புமணிப் பலகை ஒன்று இருக்கிறது. அநேகமாக எல்லா வீட்டு இலக்கங்களுக்கும் எதிரே பெயர் இருக்கும். எங்கள் இலக்கத்துக்கு எதிரே வெறும் கோடு. நான்தான் பெயர் போடவேண்டாம் என்றேன். என் கணவர் இதற்கு நேர்மாறு. பிறம்ரனிலிருந்து நீண்டதூரம் ட்றக் ஓட்டுகிறார், ஒரு கிழமை தொடர்ந்து வீட்டில் நின்றால் அதிசயம். கைகுலுக்கிய எவரையும் நம்பிவிடுவார். எங்கள் குடும்பத்தில் நம்புகிற வேலையை அவரும் நம்பாமலிருக்கிற வேலையை நானுமாகப் பங்கிட்டுச் செய்துவருகிறோம். இதுவரை பெரிய குறை ஒன்றும் இல்லை.

நான் ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். காலை ஷிப்ற். நாங்கள் இருக்கிற ஸ்காபரோ வோபர்னிலிருந்து இருட்டோடு புறப்பட்டால்தான் கிழவர்களுக்குக் காலை உணவு கொடுக்கும் நேரத்துக்கு அங்கே நிற்கலாம். அந்த நேரத்தில் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிற பஸ் கிடையாது. போன குளிர்காலத்தில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்குகிற வளைவில், எங்கள் பழைய சின்னக் கார் என் சொல்லைக் கேட்கவில்லை. பிரேக்கை மிதித்தேன். மிதிக்காததுபோலவே அது வழுக்கிக்கொண்டு போனது, பிறகு பம்பரம்போல ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றபோது நான் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பெரிய ட்றக்கின் விளக்குகள் வந்துகொண்டிருந்தன. அது விலகிப் போய்விட்டது, கடவுள் செயல். அதற்குப் பிறகு பனி கொட்டிய இரண்டு தடவை நான் வேலைக்குப் போகவில்லை. மனேஜர் என்னைக் கூப்பிட்டு மிகவும் அன்பாகப் பேசினார். இந்த நாட்டில் அன்பாகப் பேசினால்தான் பயப்படவேண்டும். அடுத்த குளிர்காலத்திலும் இப்படி நடந்தால் காலை ஷிப்ற்றைப் பக்கத்தில் வசிக்கிற ஒருவருக்குக் கொடுக்கவேண்டிவரும் என்றார். எனக்கு அந்த வேலையும் வேண்டும், உயிரும் வேண்டும். அதனால் முதற்பனி விழுவதற்குள் பனியில் ஓடக்கூடிய கார் ஒன்று வேண்டும்.

"நாலு சில்லும் இழுக்கிற காராய்ப் பாரும். ஓல் வீல் றைவ். உமக்கு உதுதான் சரி," என்றார் கணவர், எங்கேயோ ஒரு ட்றக் தரிப்பிடத்திலிருந்து. "புதுசு எங்கடை கைக்கு எட்டாது. பழசிலை நல்லதாய் ஒண்டு எடுப்பம்."

"நல்லதெண்டால் ஏனப்பா அதை விக்கிறாங்கள்?"

"எல்லாரும் கள்ளரில்லை."

"நான் எல்லாரையும் சொல்லேல்லை. கார் விக்கிறவையைச் சொல்லுறன்."

முதலில் போனது எங்கடை ஆள் ஒருவரிடம். ஸ்காபரோவில் பழைய கார்களை வாங்கி விற்கிறவர். போனவுடன் தேநீர் வந்தது, அதன் பின்னால் அந்தக் கேள்வியும் வந்தது. "அக்கா எந்த ஊர்?" சொன்னேன். "அட, எங்கடை பெரியம்மா கலியாணம் முடிச்சது அங்கைதான். அப்ப நீங்கள் எங்களுக்குச் சொந்தமாய்க்கூட வருவியள். உங்களுக்கு நான் பிழையானதைத் தருவனே?" அந்தக் கணத்தில் நான் கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொந்தக்காரர் என்று சொல்லி வருகிறவரிடம் விலை பேசமுடியாது, குறை சொல்லமுடியாது, சோதித்துப் பார்க்கக் கேட்டால் மனம் நோவார். புலம்பெயர்ந்த எங்களுடைய பாதிப் பிழைகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. ஆளை நம்புவதா வேண்டாமா என்பதை ஊரை வைத்துத் தீர்மானிப்போம், பிறகு அந்த ஊரையே திட்டிக்கொண்டு திரிவோம்.

அவர் காட்டிய கார் பளபளவென்றிருந்தது. உள்ளே வாசனைத் திரவியம் மூக்கை அடைத்தது. வாசம் கூடினால் அதன் கீழே ஏதோ நாற்றம் இருக்கிறது என்பது என் கொள்கை. கால்விரிப்பைத் தூக்கித் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. பிறகு கடதாசிப் பெட்டி ஒன்றைத் தட்டையாக்கி நிலத்தில் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து, போனின் வெளிச்சத்தில் அடிப்பக்கம் பார்த்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. இங்கே வீதியில் பனியை உருக்குவதற்கு உப்புக் கொட்டுவார்கள், ஆனையிறவு உப்பளத்தில் விளைந்ததெல்லாம் இங்கேதான் வந்து கொட்டுப்படுகிறதோ என்று நினைக்கும் அளவுக்கு. அந்த உப்பு காரின் அடிவயிற்றைக் கறையான்போலத் தின்னும். இந்தக் காரின் அடியில் துருவே இல்லை. கன்னங்கரேலென்று புத்தம்புதுக் கறுப்பு மை பூசியிருந்தது. வயதான கார் ஒன்றுக்கு அடிவயிறு மட்டும் எப்படிக் குமரியாக இருக்கும்? தலையிலிருந்த ஊசியைக் கழற்றி ஓரிடத்தில் குத்தினேன். மையோடு சேர்ந்து ஒரு துண்டு இரும்பு பிஸ்கற்போல உதிர்ந்து என் கன்னத்தில் விழுந்தது. எழும்பித் தூசியைத் தட்டினேன். எங்கடை ஆள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியம்மாவைப் பற்றிப் பிறகு அவர் கதைக்கவேயில்லை.

இரண்டாவதாகப் பார்த்ததுதான் வால்ற்றரின் கார். ஒஷாவாவில், நான் வேலை செய்யும் இடத்திலிருந்து அதிகம் தொலைவில்லாத அமைதியான ஒரு வீதி. வால்ற்றர் உயரமான வெள்ளைக்காரக் கிழவர், எந்நேரமும் தலையில் ஒரு தொப்பி. அது அவருடைய மனைவியின் காராம். மனைவிக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது, காரைக் கண்டால் திறப்பைக் கேட்டுச் சண்டை பிடிக்கிறா, அதனால்தான் விற்கிறேன் என்றார். மனைவியை நான் காணவில்லை. அப்படியொருவர் இருக்கிறாவோ என்று அப்போதே குறித்துக்கொண்டேன்.

வால்ற்றரிடம் என்னைக் கலவரப்படுத்தியது வேறொன்று. நான் கேட்காமலே அவர் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். பின்கதவின் கண்ணாடி பாதிவரைதான் இறங்கும். தபால்பெட்டியில் மனைவி ஒருமுறை உரசிவிட்டா, இதோ கோடு. குளிர் கூடிய நாளில் முதல் பத்து நிமிடம் முன்னால் ஒரு கீச்சுச் சத்தம் வரும், பயப்படவேண்டாம். அடியில் துரு இருக்கிறது, இங்கேயும் இங்கேயும், ஆனால் மேற்பூச்சில்தான். நான் படுத்துப் பார்க்கப்போகிறேன் என்று தெரிந்ததும் கராஜிலிருந்து ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். என் வாழ்க்கையில் குறை சொல்லி விற்கிறவனை நான் கண்டதில்லை. கத்தரிக்காயில் புழு இருக்கிறது என்று எந்த வியாபாரி கூவுகிறான்? இவ்வளவு சின்னக் குறைகளைச் சொல்கிறவர் பெரிதாக எதையோ மறைக்கிறார் என்றே என் மனம் சொன்னது.

"நாலு சில்லும் இழுக்கும் என்று நம்பி வேகமாகப் போய்விடாதே," என்றார் ஆங்கிலத்தில். "நாலு சில்லும் இழுப்பது நீ புறப்படுவதற்கு. நிற்பதற்கு அது உதவாது. நிற்பது ரயரின் வேலை." கராஜின் மூலையில், பனிக்கென்றே செய்த நாலு வின்ரர் ரயர்கள் தனிச் சில்லுகளோடு அடுக்கியிருந்தன. அவற்றையும் சேர்த்துத் தருகிறாராம். ஒன்று தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது, நாலும் ஒரே அளவாக இருக்காவிட்டால் இந்த வகைக் காரின் உள்ளுறுப்புக் கெட்டுப்போகும் என்று விளங்கப்படுத்தினார். பிறகு திறப்பை என் கையில் தந்து, விரும்பிய மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வா என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டார். பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை. நான் நடுவீதியில் திறப்போடு நின்றேன். எங்கள் பழைய காரை அவருடைய வாசலில் பிணையாக விட்டுவிட்டுப் போனேன். மெக்கானிக் காரை உயர்த்திப் பார்த்து, இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது என்றார். அந்த மெக்கானிக்கை நம்பலாமா என்று எனக்கு யார் சொல்வது?

பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. ஐப்பசி முடிந்தால் இங்கே எல்லாரும் இந்த வகைக் காரைத்தான் தேடுவார்கள். நல்லது ஒரு நாள்கூட நிற்காது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்களுக்குள் ஒரு கலியாணம் பேசுவதென்றால் மாப்பிள்ளை வீட்டாரிடமா மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்போம்? அயலில் விசாரிப்போம். என்னுடைய கலியாணம் பேசியபோது, அப்பா அனுப்பிய ஆள் என் கணவரின் வீட்டுக்கு முன்னாலுள்ள சலூனில் தேவையில்லாமல் தலைமயிர் வெட்டிக்கொண்டு, பெடியன் குடிப்பானா, இரவில் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான், தாய்க்கு வாய் எப்படி என்று எல்லாம் அறிந்துகொண்டு வந்தார். தாயின் வாயைப் பற்றிக் கிடைத்த தகவல் நூற்றுக்கு நூறு சரி. ஆயிரம் வருடமாக நடக்கிற முறை, பிழைக்குமா?

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ற் முடிந்து போகும்போது வால்ற்றரின் வீதிக்கு ஒரு வீதி முன்னால் காரை நிறுத்தினேன். நடந்துபோய், அவருடைய பக்கத்து வீட்டு வாசலில் நாயோடு நின்ற பெண்ணுக்கு வணக்கம் சொன்னேன். என்னுடைய ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் கேட்டேன். பக்கத்து வீட்டுக் கிழவர் நல்லவரா? அவருக்கு மனைவி உண்மையிலேயே இருக்கிறாவா, அல்லது தனியாகத்தான் இருக்கிறாரா? வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவார்? அந்தக் காரைக் கராஜுக்குள் வைப்பாரா, வெளியே விடுவாரா? வீட்டுக்குப் பொலிஸ் ஏதாவது வந்ததுண்டா? அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், சப்பாத்தைப் பார்த்தாள். நாயை இழுத்துத் தன் காலோடு வைத்துக்கொண்டாள். "அவர்கள் மிக நல்ல மனிதர்கள்," என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு மனம் குளிர்ந்தது. நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். வீதி முனைவரைக்கும் அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், என்ன அருமையான அயல் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் வால்ற்றரிடம் போய்ச் சம்மதம் சொன்னேன். கைகுலுக்கினோம். கணவர் ஒருமுறை பார்க்கவேண்டும், புதன்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார் என்றேன். அதற்கென்ன, புதன்கிழமை எனக்கு ஸ்காபரோவில் வைத்தியரிடம் போகவேண்டியிருக்கிறது, காரைக் கொண்டுவந்து உன் வீட்டிலேயே காட்டுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. விலாசம் கொடுப்பது எனக்குப் பல்லுப் பிடுங்குவதுபோல. ஆனாலும் கொடுத்தேன், கட்டடம், மாடி, வீட்டிலக்கம், பெயர் எல்லாம். இந்த நாட்டில் ஒரு அந்நியனுக்கு நான் என் வாயாலேயே கொடுத்த முதல் விலாசம் அது.

புதன்கிழமை வேலை முடிந்து போனைத் திறந்தபோது வால்ற்றரின் செய்தி கிடந்தது. வாசித்துவிட்டு உடைமாற்றும் அறையின் நீள வாங்கில் அப்படியே இருந்துவிட்டேன். நீ கொடுத்த விலாசத்தில் அப்படி ஒருவர் இல்லை என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நான் தனியாக இருக்கிறேனா, எத்தனை மணிக்கு வெளியே போவேன் என்றெல்லாம் விசாரித்திருக்கிறாய். நீ என்ன திட்டத்தோடு வந்தாய் என்று எனக்குத் தெரியாது. கார் உனக்கு இல்லை. இனி என் வீட்டுப் பக்கம் வராதே. கடைசி வரி பொலிஸைப் பற்றியது. வாழ்நாள் முழுதும் மற்றவர்களைச் சந்தேகித்த என்னை, முதற்தடவையாக ஒருவர் முறைப்படி, ஆதாரங்களோடு சந்தேகித்திருந்தார். ஆதாரங்கள் ஒவ்வொன்றும் சரியாக வேறு இருந்தன.

நடந்தது இதுதான். வால்ற்றர் வைத்தியரிடம் போன அலுவல் நேரத்தோடேயே முடிந்துவிட்டது. மத்தியானமே எங்கள் கட்டடத்துக்கு வந்திருக்கிறார். அழைப்புமணிப் பலகையில் பெயர் இல்லை. யாரோ கதவைத் திறக்க உள்ளே வந்து, எங்கள் கதவைத் தட்டிவிட்டு, எதிர்க் கதவையும் தட்டியிருக்கிறார். அந்த வீடு பரீதா ராத்தாவுடையது. மன்னாரில் பிறந்து, சின்ன வயதில், முஸ்லிம்கள் என்பதால் ஒரே இரவில் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்தவர். கணவர் இங்கே மின்சார வேலை செய்கிறார். என் வீட்டுத் திறப்பின் இன்னொரு பிரதி அவரிடம்தான் இருக்கிறது. எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வருகிறவர் அவர்தான்.

வீட்டுக்கு வந்து நான் கேட்டதும் ராத்தா பெருமையோடு சொன்னார். "ஒரு வெள்ளக்காரன் வந்தான் புள்ள. தொப்பி போட்ட உசரமான ஆள். ஒண்ட பேரச் சொல்லி, இங்கயா இரிக்கிறா எண்டு கேட்டான். நான் விடுவனா? நோ லேடி, நோ நேம் எண்டு சொல்லிப்போட்டன். ரெண்டாந்தரமும் கேட்டான். அப்படி ஒராள் இங்க இல்லவே இல்ல எண்டன்."

ராத்தா நம்பத்தகுந்தவராகத் தெரியவில்லையோ என்னவோ, வால்ற்றர் கீழே இறங்கி, வாசற்கூடத்தில் இருந்த குணம் அங்கிளிடமும் கேட்டிருக்கிறார். அங்கிள் இதே கட்டடத்தில் இருப்பவர், எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. அவர் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அவ எப்போதோ மொன்றியலுக்குக் குடிபெயர்ந்துவிட்டா என்று கூடுதலாக ஒரு உதவியும் செய்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஏனென்றால் ராத்தாவைத் தேடி யாராவது வந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். விசா வரும்வரை நான் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். கடைசி அறையில் வங்கியொன்றில் வேலை செய்த ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார், அயன்பொக்ஸ் கேட்டால் உடனே தருவார். ஒரு காலையில், சீருடை இல்லாமல் சாதாரணச் சேட் போட்ட இரண்டு பேர் வந்து, அவருடைய பெயரைச் சொல்லி, மிக மரியாதையாகக் கேட்டார்கள். வாசலில் நின்றவர் முதல்நாள்தான் வவுனியாவிலிருந்து வந்திறங்கிய ஒரு பெண். ஒழுங்கான குடும்பத்தில் ஒழுங்காக வளர்க்கப்பட்டவர். "ஓம், இருக்கிறார், கடைசி அறை," என்று கையையும் நீட்டிக் காட்டினார். வங்கிக்காரர் அப்போது அயன் பண்ணிக்கொண்டிருந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "இதை ஒருக்கால் நிப்பாட்டிவிடுங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் பல நாட்களாகச் சாப்பிடவில்லை. "நான் உண்மையைத்தானே சொன்னனான்," என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே திரிந்தார். அதற்குப் பிறகு அந்த லொட்ஜில் யார் யாரைத் தேடி வந்தாலும் அப்படி ஒருவர் இருக்கவில்லை. எங்களுக்குள் எத்தனை சண்டை இருந்தாலும், வாசலில் ஒரு அந்நியன் நின்றால், ஒருவரை ஒருவர் இல்லை என்று சொல்வோம். அன்பை அதைவிடத் தெளிவாகச் சொல்ல எங்களுக்குத் தெரியாது.

ஆனால் இதை வால்ற்றருக்கு எந்த ஆங்கிலத்தில் சொல்வது? சனிக்கிழமை பனி வருகிறது என்று வானிலை அறிக்கை சொல்லிவிட்டது. சனிக்கிழமை எனக்கு ஷிப்ற். கணவர் வீட்டுக்கு வந்து கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "கார் பார்க்கப் போன இடத்திலை ஏனப்பா கலியாணம் விசாரிச்சனீர்?" என்றார். பிறகு, பேசாமல் வேலையை விடும் என்றார். அந்தச் சொல்தான் எனக்குச் சுட்டது. நான் வேலையை விட்டால், ஒரு காரைத் திருப்பமுடியாமல் வீட்டுக்குள் இருந்துவிட்டவள் ஆவேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் பரீதா ராத்தாவைப் பின்னேர பஸ்ஸில் ஒஷாவாவுக்கு வரச் சொல்லி, வராதே என்று சொன்ன வீட்டுக்குப் போய் மணி அடித்தேன். எந்நேரமும் பொலிஸ் வரலாம் என்று வீதியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வால்ற்றர் கதவைப் பாதிதான் திறந்தார். நான் என் றைவிங் லைசென்ஸை நீட்டினேன். படம் என்னுடையது, விலாசம் நான் கொடுத்த விலாசம். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நீண்டநேரம் பார்த்தார். பிறகு ராத்தாவைப் பார்த்தார்.

"இவள் அங்கேதான் இருக்கிறாள் என்றால், நீ ஏன் இல்லை என்று சொன்னாய்?"

ராத்தா நெஞ்சில் கைவைத்தார். "பிகோஸ் ஐ லவ் ஹேர்," என்றார்.

"அன்பு இருந்ததால் பொய் சொன்னாயா?"

"யெஸ்."

"நான் பொலிஸாக இருந்திருந்தால்?"

"தென் மோர் நோ," என்றார் ராத்தா, கொஞ்சமும் தயங்காமல்.

வால்ற்றர் லைசென்ஸை என்னிடம் திருப்பி நீட்டினார். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். அப்போது உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு, தடித்த கண்ணாடி போட்ட ஒரு மூதாட்டி வந்தார். மனைவி உண்மையிலேயே இருந்தார். "வால்ற்றர், நீ மட்டும் என்னவாம்?" என்றார். "சமயம் பரப்ப ஆட்கள் வந்து கதவைத் தட்டினால், வீட்டுக்காரர் இல்லை, நான் குழாய் திருத்த வந்தவன் என்று சொல்கிறாயே. போன கிழமையும் சொன்னாயே." வால்ற்றருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ராத்தாவும் ஏதென்று விளங்காமலே சேர்ந்து சிரித்தார். அவர்கள் அதை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள்: தொல்லை தரும் விருந்தாளியிடமிருந்து சிநேகிதியைக் காப்பாற்றுகிற ஒரு சின்னப் பொய். அந்தப் பொய் வேறு, எங்கள் பொய் வேறு. நான் திருத்தவில்லை. திருத்தினால் அந்த அயன்பொக்ஸிலிருந்து தொடங்கவேண்டும், அவர்களுடைய நல்ல வாசலில் நின்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அயலில் விசாரித்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் நாட்டில் மாப்பிள்ளை பார்க்கும்போது அப்படித்தான் செய்வோம் என்றேன். "அப்படியானால் என் கார் தேறிவிட்டதா?" என்று கேட்டார் மனைவி. வின்ரர் ரயர்கள் ஏற்கெனவே பூட்டியிருந்தன. வேறு ஒருவருக்குக் காட்டுவதற்காகத் தயார்செய்திருக்கிறார்கள்.

காசு, பெயர்மாற்றம், காப்புறுதி என்று மிச்ச அலுவல்களை அன்றே ஓடியோடி முடித்தோம். சனிக்கிழமை காலை பனி பொழியத்தான் செய்தது. கதவைத் திறந்து ஏறி எஞ்சினை ஓடவிட்டபோது முன்பக்கத்தில் கீச்சென்று சத்தம் வந்தது. வால்ற்றர் சொன்ன சத்தம்தான். நெடுஞ்சாலையில் ஊர்ந்தேன், எல்லாரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று விட்டேன். அந்த வளைவு வந்தது. முன்னமே அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தேன், பிரேக்கை மெல்ல மிதித்தேன். கார் என் சொல்லைக் கேட்டது. வளைவைக் கடந்தபிறகுதான் நான் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. அன்று கிழவர்களுக்குக் காலை உணவு நேரத்துக்குப் போயிற்று. மனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார், அன்பாக எதுவும் பேசவில்லை, அதுவே போதும்.

இவ்வளவு நடந்தபிறகு இன்னொருமுறை இப்படி ஆகக்கூடாதல்லவா? ராத்தாவிடமும் குணம் அங்கிளிடமும் தனித்தனியாகச் சொல்லிவைத்தேன். தொப்பி போட்ட அந்த உயரமான கிழவர் எப்போதாவது வந்து கேட்டால், ஓம், இங்கேதான் இருக்கிறா என்று சொல்லுங்கள். அவருக்கு மட்டும். "மற்றாக்களுக்கு?" என்று கேட்டார் அங்கிள். மற்றவர்களுக்கு நான் மொன்றியலில் என்றேன். ஆக, வோபர்னில் இத்தனை ஆயிரம் சனங்களுக்கு நடுவில், வாசலில் வந்து கேட்கிற ஒரே ஒருவருக்கு மாத்திரம் நான் குடியிருக்கிறேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வெளியே முழங்கால்வரை பனி. குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். நடையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பரீதா ராத்தாவின் குரல் கட்டடம் முழுவதற்கும் கேட்கும்படி எழுந்தது. "யெஸ்! யெஸ்! ஷீ லிவ் ஹியர்! திஸ் டோர்! ஷீ இஸ் இன்சைட்!" வந்தது வால்ற்றர் என்பது எனக்குத் தெரியும். சில்லு நட்டுகளைக் கழற்றுகிற திறப்பைத் தர மறந்துவிட்டேன், அந்தப் பக்கம் வந்தால் கொண்டுவருகிறேன் என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், நல்ல காரியமாகத்தான் வந்திருக்கிறார். ஆனால் என் கை போய் அடுப்பை அணைத்துவிட்டது. கால் தானாகச் செருப்பைக் கழற்றியது. ராத்தா என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்ற ஒரே எண்ணம்தான் மண்டைக்குள் இருந்தது. கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. வால்ற்றர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் பிழையாக, ஆனால் பிரியமாக. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். "இரிக்கிறா, இரிக்கிறா, தட்டுங்க," என்றார் ராத்தா தமிழில். நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால், தாழ்ப்பாளில் கைவைத்தபடி, வெறுங்காலோடு, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.